எட்டு ஆள் பலம்

35 குதிரைச் சக்தி டிராக்டரைக் கிளப்ப எட்டு ஆள் சக்தி வேண்டும். எந்தக் கம்பெனியும் இதைத் தன் கையேட்டில் அச்சடித்ததில்லை. ஆனால் எண்பதுகளில் கீழவைப்பார், சிப்பிகுளம், குளத்தூர் பக்கம் டிராக்டர் வைத்திருந்த அத்தனை பேருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஆறு பேர் தள்ளினால் வண்டி நகரும், கிளம்பாது. பத்துப் பேர் வந்தால் அதில் இரண்டு பேர் வண்டியின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். எட்டுதான் சரியான எண். அந்த எட்டிலும் ஒருவன் "இன்னொரு தம்மு, இன்னொரு தம்மு" என்று கத்திக்கொண்டே வருவான். அவன் தள்ளமாட்டான், ஆனால் அவன் இல்லாமல் வண்டி கிளம்பியதாகவும் சரித்திரம் இல்லை.

ஆள் கிடைக்காத நாளுக்கென்று எங்கள் சின்னையா வேறொரு ஏற்பாடு வைத்திருந்தார். கடலை ஒட்டிய தரையில் மேடு எங்கே இருக்கும்? இருந்த ஒரே மேடு கண்மாய்க் கரை. உழவு முடிந்ததும் டிராக்டரைக் கரைமேல் ஏற்றி, மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை, அப்புறம் சத்தம். செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று ஒன்று அந்த வண்டியில் இருந்ததே எனக்கு வெகுநாள் தெரியாது. வண்டியை வெளிச்சரிவில் நிறுத்தவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். உள்சரிவில் நிறுத்திய புண்ணியவான் ஒருவரின் டிராக்டர், கண்மாய் நிறைந்திருந்த ஒரு கார்த்திகை மாதம் நேராகக் குளிக்கப் போய்விட்டது. அதைக் கரையேற்றத் தேவைப்பட்ட ஆள் கணக்கு எட்டில் அடங்கவில்லை.

கீழவைப்பாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற ஊர். கிழக்கே மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு மீன், நண்டு, சங்கு என்று பிழைப்பு ஓடுகிறது. ஊரை ஒட்டி உப்பளங்கள். அவற்றைத் தாண்டி மேற்கே போகப் போக மணல் கறுத்து, விளாத்திகுளம் வரைக்கும் கரிசல் காடு. கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர் வரும் என்பதால் விவசாயம் முழுக்க வானத்தை நம்பித்தான். கம்பு, உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய், இப்போது மக்காச்சோளம்.

இந்த ஊரில் உப்பும் உழவும் ஒன்றின் முகத்தில் ஒன்று அதிகம் விழிக்காதவை. தை பிறந்தால் அளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பிப்பார்கள், புரட்டாசி வரைக்கும் உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்கியதும் அளம் படுத்துவிடும். அளம் ஓயப்போகிற சமயத்தை ஒட்டித்தான் கரிசல் கண்விழிக்கும். ஆவணியில் உழுது போட்டு, புரட்டாசியில் விதைத்து, கார்த்திகை வரைக்கும் ஓட்டம். அதோடு சரி. டிராக்டருக்கு அப்புறம் அறுவடைக்கு ஓரிரண்டு டிரிப் லோடு. பங்குனி முதல் ஆடி வரை கொட்டகையில் கோழி முட்டையிடுகிற இடம் அதுதான். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. வெயில்காலம் முழுக்க வேலையில்லாத டிராக்டர் பேட்டரிக்கு யாரும் எதுவும் அறிவிக்கவில்லை.

பேட்டரியோ வேலை செய்து சாகிற சாதியில்லை. சும்மா கிடந்துதான் சாகும். பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே 1859-ல் ஈயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்த அதே பண்டம்தான் இன்றைக்கும் டிராக்டரில் இருக்கிறது. ஆறு செல், செல்லுக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் கால்வாசிகூட மிச்சமில்லை என்று அர்த்தம். ஒரு வயரும் மாட்டாமல் தனியாகத் தூக்கி வைத்தாலும் உள்ளுக்குள் தானாகவே இறங்கும். மாதத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இறங்கும்போது தகட்டில் ஈய சல்பேட் படியும். உடனே ஏற்றினால் கரைந்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் படிகம் பெரிதாகி இறுகிப்போகும், அப்புறம் எத்தனை ஆம்பியர் கொடுத்தாலும் அசையாது. மெக்கானிக் பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, வெள்ளையாகப் பூத்த தகட்டைக் காட்டி "பிளேட்டு வெளுத்துட்டு அண்ணாச்சி" என்பார். இழவு வீட்டுக்குச் சொல்லிவிடுகிற குரலில் சொல்வார்.

அளத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினுக்குப் பேட்டரியே இல்லை. மேலே இருக்கிற குட்டி லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மாட்டிச் சுற்றோ சுற்று என்று சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட்டால் ஓடும். கைப்பிடி எகிறி மணிக்கட்டை உடைக்காத வரைக்கும் அருமையான ஏற்பாடு. அளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் மாமா, சின்னையா டிராக்டரைத் தள்ளுகிற காட்சியை நின்று பார்த்துவிட்டு, "மச்சான், காளைக்குக் கூளம் போட்டாப் போதும், இதுக்குக் கரண்டுல்லா போடணும்" என்பார்.

சின்னையாவின் பேட்டரி இறங்கிப்போனதற்கு ஓய்வு மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கோடையில் அது ஊர்ப் பொதுச்சொத்து. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்பு தொடங்கியது. எங்கள் கரையில் சென்னைத் தூர்தர்ஷன் தெரியாது, கொழும்பு தெரியும். தெருவுக்குக் கம்பம் வந்திருந்ததே தவிர எல்லா வீட்டுக்கும் கரண்ட் வரவில்லை. வந்த வீட்டிலும் சாயங்காலமானால் மின்விளக்கு அரிக்கேன் விளக்குக்குப் போட்டியாக எரியும். அதனால் ஒரு கறுப்பு வெள்ளைச் சின்ன டிவி, அதன் முதுகில் 12 வோல்ட் ஓட்டை, அதற்குச் சின்னையாவின் பேட்டரி. மூங்கில் கம்பில் ஆன்டெனா கட்டி, தென்கிழக்கே திருப்பி, "தெரியுதா? தெரியுதா?" என்று கூரைமேலிருந்து ஒருவன் கேட்பான். நிகழ்ச்சியில் பெரும்பகுதி சிங்களம். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் பாதியில் எழுந்து போனவர் கிடையாது. பால் பவுடர் விளம்பரத்தைக்கூட பக்தியோடு பார்த்தோம்.

அந்த டிவி ஒன்றரை ஆம்பியர் குடித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் பார்த்தால் ஆறு ஆம்பியர் மணி. ஒரு வாரத்தில் பேட்டரியில் பாதி கொழும்புக்குப் போய்விடும். ஆவணி பிறந்து சின்னையா சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு நிசப்தம். "எவம்லே கடைசியா பேட்டரியத் தூக்கிட்டுப் போனது?" என்று அவர் கேட்பதும், அதே பேட்டரியில் படம் பார்த்த எட்டுப் பேர் மனச்சாட்சி உறுத்தி வந்து தள்ளுவதும் வருஷாவருஷம் நடக்கிற திருவிழா. பேட்டரியைக் காலி செய்தவர்கள்தான் வண்டியையும் தள்ளினார்கள் என்பதால் இதை ஒருவகைக் கடனடைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

தள்ளியும் கிளம்பாத கட்டத்தில் பேட்டரி டவுனுக்குப் போகும். 25 கிலோவுக்குக் குறையாத அந்தப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டுவார்கள். அன்றைய பேட்டரி இன்றைய பிளாஸ்டிக் டப்பா இல்லை. கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் ஊற்றி மூடியிருக்கும், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே ஈயப் பட்டை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வழியில் குலுங்கிய ஆசிட் கேரியரில் வழிந்து, ஓட்டுகிறவரின் வேட்டியில் தெறிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் துவைத்துப் பிழிந்து உதறும்போதுதான் வேட்டி முழுக்க நட்சத்திரம் பூத்திருக்கும். சின்னையாவின் வேட்டிகளில் ஓட்டையில்லாததைக் கல்யாண வீட்டுக்கென்று தனியே வைத்திருந்தார்கள்.

சார்ஜ் போடுகிற கடைக்குப் பெயர் வேண்டாம். கடைக்காரர் பேரன்கள் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். நீள மரப்பலகையில் ஏழெட்டு பேட்டரிகளை வரிசையாக வைத்து, ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸில் கோத்து, ராத்திரி முழுக்க ஏற்றுவார். மூடியெல்லாம் திறந்திருக்கும். உள்ளே நொறு நொறு என்று குமிழி கொதிக்கும். மூக்கைப் பொசுக்குகிற ஒரு வாடை. கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். 1,250-க்கு மேல் ஏறினால் முகத்தில் திருப்தி. "பீடி பத்தவைக்காதீங்க" என்று சுவரில் கரியால் எழுதியிருக்கும், அதன் கீழே நின்றுதான் அவர் பீடி பற்றவைப்பார். செல் போய்விட்டால் தாரை உருக்கி, தகட்டுக் கொத்தை இழுத்துப் போட்டுவிட்டு வேறு வைப்பார். புதுத் தகடு என்று காசு வாங்குவார், அது பக்கத்துப் பேட்டரியிலிருந்து வந்தது என்று ஊரில் பேச்சு. அதுவரைக்கும் வைத்துக்கொள்ள அவர் கொடுத்தனுப்புகிற வாடகைப் பேட்டரி எங்கள் பேட்டரியைவிட மோசமாக இருக்கும்.

சின்னையாவின் வீட்டு வைத்தியங்களும் உண்டு. பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் வாங்குவது அவருக்குக் கட்டுப்படியாகாது. ஐப்பசி மழையில் முற்றத்தில் வேட்டியை நாலு மூலை கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே சீனாப் பானை வைத்துத் தண்ணீர் பிடிப்பார். அதுதான் வருஷம் முழுக்கப் பேட்டரிக்கு. உப்புக் காற்று வீசுகிற கரையில் மழைத்தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் இருக்கும் என்று யாரோ சொன்னதற்கு, "நம்ம ஊரு பேட்டரிக்கு நம்ம ஊரு தண்ணிதான் ஒத்துக்கிடும்" என்று முடித்துவிட்டார். ரேடியோவில் தேய்ந்துபோன செல்களை நாங்கள் கூரை ஓட்டில் வெயிலுக்குக் காய வைப்போம். சூடேறினால் உள்ளே மிச்சமிருக்கிற சத்து கொஞ்சம் துடிக்கும், இலங்கை வானொலியில் இன்னும் ஒன்றிரண்டு பாட்டுக் கேட்கலாம். சூரிய சக்தியால் பேட்டரியைப் பராமரிப்பதில் எங்கள் ஊருக்கு நெடிய அனுபவம் உண்டு என்று நான் சொன்னால் பொறியியல் படித்தவர்கள் நம்புவதில்லை.

இத்தனைக்கும் நாங்கள் மின்சாரத்துக்குத் தூரத்து உறவினர் அல்ல. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050. 1986-ல் தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகளை நட்டார்கள். நாட்டிலேயே முதல் வரிசையில் சேர்ந்தவை, ஒவ்வொன்றும் 55 கிலோவாட். 1990-ல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பம்புசெட் வைக்கக் கிணறும் கிணற்றில் நல்ல தண்ணீரும் இருந்தால் அனுபவிக்கலாம். மானாவாரி விவசாயிக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம். வாழைமரமும் மைக்செட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். 2012-ல் மின்வெட்டு ஒரு நாளில் பாதியைத் தின்ற சமயம், சார்ஜ் கடைக்காரர் வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்தார். டீசலை எரித்து கரண்ட் எடுத்து, அதைப் பேட்டரியில் ஏற்றி, அந்தப் பேட்டரியால் டீசல் டிராக்டரைக் கிளப்பினோம். இடையில் இருந்த அத்தனை பேருக்கும் கூலி கொடுத்தது உளுந்து.

இனி இப்போதைய கதை. கண்மாய்க் கரை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதன் இரண்டு சரிவிலும் சீமைக்கருவேலம் மண்டி டிராக்டர் ஏற வழியில்லை. எட்டுப் பேரும் ஊரில் இல்லை. ஒருவன் திருப்பூரில், இரண்டு பேர் சென்னையில், ஒருவன் மஸ்கட்டில், மீதிப் பேர் முழங்கால் வலியில். 'இன்னொரு தம்மு' என்று கத்தியவர் மட்டும் இருக்கிறார். இன்றும் கத்தத் தயார், தள்ள ஆள் இல்லை. பேட்டரிக்கு சோலார் சார்ஜர் வாங்குகிற காரியம் எங்கள் வீட்டில் இதனால்தான் நடந்தது. பசுமை, பருவநிலை மாற்றம், மரபுசாரா எரிசக்தி என்று கூட்டத்தில் பேசுகிறவர்கள் மன்னிக்கவேண்டும். தள்ள ஆள் இல்லாத இடத்தில் தகடு வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

கொண்டுவந்தவன் சின்னையா மகன். கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை. கப்பலில் உயிர்காப்புப் படகு என்று ஒன்று தொங்கும். வருஷக்கணக்கில் அதற்கு வேலை இருக்காது, ஆனால் வேலை வருகிற அன்றைக்கு முதல் திருப்பில் இன்ஜின் கிளம்பியாக வேண்டும். தள்ளுவதற்குக் கடலில் கண்மாய்க் கரை இல்லை. அதனால் சோலாஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தில், அந்தப் படகின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வழி இருக்கவேண்டும், கப்பல் மின்சாரத்திலிருந்து எடுக்கலாம் அல்லது சோலார் சார்ஜர் வைக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை 3 நிமிடமாவது அந்த இன்ஜினை ஓட்டியும் பார்க்கவேண்டுமாம். விடுமுறையில் வந்தவன் கோழி முட்டையிட்டிருந்த டிராக்டரைப் பார்த்துவிட்டு, "யப்பா, இது உழவு டிராக்டர் இல்ல, லைஃப் போட்டு" என்றான்.

அடுத்த முறை வரும்போது 10 வாட் தகடு ஒன்றும் கை அகலக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வந்தன. 10 வாட் என்றதும் சின்னையாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "நம்ம வீட்டு நைட் லாம்பு அஞ்சு வாட்டு. ரெண்டு நைட் லாம்பை வச்சு டிராக்டரக் கிளப்பப் போறியா?" கிளப்புவது பேட்டரிதான், தகடு அதற்குக் கஞ்சி ஊற்றுவது மட்டும்தான் என்று மகன் விளக்கினான். நல்ல வெயிலில் அது அரை ஆம்பியர் தரும். ஐந்து மணி நேரம் சரியான வெயில் என்றால் நாளுக்கு இரண்டரை ஆம்பியர் மணி. 88 ஆம்பியர் மணிப் பேட்டரி சும்மா கிடந்து இழப்பதோ நாளுக்கு கால் அல்லது கொஞ்சம் கூட. அதாவது தேவைக்கு எட்டுப் பத்து மடங்கு கஞ்சி. அதனால்தான் நடுவில் பெட்டி. தகடு வெறுமனே 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும், நேரே மாட்டினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். பெட்டி 14.4 வரைக்கும் ஏற விட்டு, பிறகு 13.6-க்கு இறக்கிப் பிடித்துக்கொள்ளும். ராத்திரியில் பேட்டரி கரண்ட் திரும்பத் தகட்டுக்குப் போகாமல் தடுப்பதும் அதுதான். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு. இந்த வரிசையைச் சின்னையா சுவரில் கரியால் எழுதிக்கொண்டார், பழைய சார்ஜ் கடை ஞாபகமோ என்னவோ.

எங்கே வைப்பது என்பதில்தான் அப்பனுக்கும் மகனுக்கும் தகராறு. சின்னையா தகட்டை வேப்பமர நிழலில் வைத்தார். "இம்புட்டு வெயில்ல வச்சா சாமான் சூடேறிக் கெட்டுப்போகாதா?" என்பது அவர் வாதம். சூடு ஏற ஏற தகட்டின் விளைச்சல் குறையும் என்பது உண்மைதான், டிகிரிக்கு ஏறத்தாழ அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் உள்ளே. அதற்காக நிழலில் வைத்தால் விளைச்சலே இல்லையே. கடைசியில் கொட்டகை உச்சியில் தெற்கே பார்த்து ஏற்றினார்கள். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரியில் இருப்பதால் தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கவே போடலாம். படுக்கப் போட்டால் காக்கை எச்சமும் கருவேலம்பூவும் வழிந்து இறங்காது என்று கொஞ்சம் தூக்கி நிறுத்தினான்.

எச்சத்தை மழை கழுவும். உப்பை என்ன செய்வது? அளத்தில் காற்றடிக்கிற மாதங்களில் காலையில் பார்த்தால் கண்ணாடிமேல் பொடி வெள்ளையாகப் படிந்திருக்கும், விரலால் கோடு போட்டால் நிற்கும். பேட்டரி முனையிலோ பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, கிளிப்பைக் கழற்ற ஸ்பானரும் வசவும் சேர்ந்து வேண்டியிருக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்துக் கிரீஸ் தடவினால் கொஞ்ச நாள் தாங்கும். காரைக்குடி சிக்ரி விஞ்ஞானிகள் இரும்பைக் கடற்காற்று எப்படித் தின்கிறது என்று பார்க்கத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறார்கள். சின்னையாவின் டிராக்டரைத் தொடர்ந்து கவனித்திருந்தாலும் அவர்களுக்கு நல்ல விவரம் கிடைத்திருக்கும். தகட்டைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீரை நாங்கள் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். வெயில் இலவசம், அதைத் துடைக்கத்தான் செலவு. 2016-ல் வடக்கே கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா வந்தது. 2,500 ஏக்கர். அங்கே தகட்டைத் துடைக்க ரோபோ ஓடுகிறது என்று பேப்பரில் படித்துக் காட்டினேன். சின்னையா ஏணியில் நின்றுகொண்டு, ஓட்டை விழுந்த தன் பழைய வேட்டியால் துடைத்தபடியே, "அதுக்கு வெத்தல பாக்கு யாரு வாங்கிக் குடுக்கா?" என்று கேட்டார்.

பலன் உண்டு. முன்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி, 8,000 ரூபாய் பக்கம். இப்போது இருக்கிற பேட்டரி அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. மூடியைத் திறந்தால் தகடு கறுப்பும் பழுப்புமாக நன்றாக இருக்கிறது. ஆவணியில் சாவியைத் தொட்டதும் கிளம்புகிறது. தொட்டதும் கிளம்புவதில் சின்னையாவுக்கு ஒரு குறை, யாரும் வந்து நின்று பார்ப்பதில்லை. முன்பு டிராக்டர் கிளம்பினால் தெருவே கைதட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் மட்டும் பழைய கூட்டம் கூடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை என்றாலும் கரண்ட் போனது, செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. மகன் வாங்கி வைத்திருந்த காரில் சொருகுகிற சார்ஜரை டிராக்டர் பேட்டரியில் மாட்டியதும் செய்தி பரவிவிட்டது. வெயிலே இல்லாததால் தகடு சும்மா கிடந்தது. பேட்டரியில் நிறைந்திருந்ததுதான் வேலை செய்தது. முழுப் பேட்டரியில் பாதியைச் செலவழித்தால் இருபது, இருபத்தைந்து போனுக்கு வரும். கொட்டகையில் பலகைமேல் போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. "யாரு பேட்டரி இது?" என்று கேட்ட பையனுக்கு ரூபவாகினி கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவன் போன் 40 சதவீதம் வந்ததும் கிளம்பிவிட்டான். மழை வெறித்தபிறகும் வெயில் மங்கலாகவே இருந்தது. பேட்டரி பழைய நிலைக்கு ஏற ஒரு மாதம்போல ஆனது. அந்த ஒரு மாதமும் சின்னையா பெட்டியில் எரிகிற பச்சை விளக்கைப் பார்க்க விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போய்விடுவார், விடியற்காலையில் அது எரியாது என்று எத்தனை சொன்னாலும்.

பேட்டரி இவ்வளவு திடமாக இருக்க, டிராக்டருக்குத்தான் இப்போது வேலை இல்லை. கரிசலில் பாதி தரிசு. விதைக்கிறவர்களும் விதைப்புக் கருவியோடு வருகிற பெரிய டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியில் பதிந்தால் அரசு டிராக்டரே வரும். போன வைகாசியில் விளாத்திகுளம் பக்கமிருந்து ஒருவர் தரகரோடு வந்து சின்னையாவின் வண்டியைப் பார்த்தார். டயரைத் தட்டினார், ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார், சாவியைத் திருப்பினார். கிளம்பிய வேகத்தில் கோழிகள் பறந்தன. அவர் முகம் மலர்ந்ததைச் சின்னையா பார்த்துவிட்டார்.

"பேட்டரிக்குத் தனி விலை அண்ணாச்சி" என்றார்.

"டிராக்டர் வெலக்குள்ளதான பேட்டரி?"

"டிராக்டருக்கு வயசு நாப்பது. பேட்டரி எளவட்டம். ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்க முடியுமா?"

தரகர் நடுவில் புகுந்து, மேலே இருக்கிற தகட்டையும் சேர்த்துக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்றார். தகடு கப்பலில் இருந்து வந்தது, அதைக் கொடுப்பதற்கில்லை என்றார் சின்னையா. தூத்துக்குடி பஜாரில் வாங்கிய தகடு அது. வந்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேரம் இன்னும் பேட்டரியில்தான் நிற்கிறது. ஆடிக்குள் படிந்துவிடும் என்கிறார் தரகர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புரட்டாசி விதைப்புக்கு ஒரு சுற்று ஓட்டிவிடுவோம் என்று சின்னையா இழுத்துக்கொண்டே போவார். அதற்கேற்ப விலையிலும் ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டு வருகிறார்.